எண் குறைந்தால் குற்றம், ஏன் குறைந்தது?

1995-இல் உத்தரப் பிரதேசத்தில் ஒருவரிடம் உணவு ஆய்வாளர் பால் மாதிரி எடுத்தார். கொழுப்பு 4.6 சதவீதம், அதில் குறையில்லை. கொழுப்பு நீங்கலான திடப்பொருள், அதாவது பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். என்பார்களே அது, 8.5 இருக்க வேண்டிய இடத்தில் 7.7 இருந்தது. இந்த 0.8-க்கு 6 மாதச் சிறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 அக்டோபரில் தண்டனை உறுதியானது. 24 வருஷம்!

தீர்ப்பின் தர்க்கம் எளிது: தரம் இவ்வளவு என்று நிர்ணயித்தபின், கொஞ்சம் குறைந்தாலும் கலப்படம்தான். 'கொஞ்சம்' என்று இடம் கொடுத்தால் எல்லாரும் அதில் நுழைந்துவிடுவார்கள், சரிதான். ஆனா ஒரு உறுத்தல். தண்ணீர் ஊற்றினாலும் எஸ்.என்.எஃப். குறையும், மாட்டுக்குச் சத்தான தீவனம் கிடைக்காவிட்டாலும் குறையும். முதலாவது மோசடி. இரண்டாவது பெரும்பாலும் வறுமை. பிரித்தறிய வழி இருக்கிறது: பாலின் உறைநிலையை அளக்கலாம். தண்ணீர் சேரச் சேர அது பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும். எங்க தொழிலில் டெஸ்ட் ஃபெயில் ஆனால், ஏன் என்று பார்த்தபிறகுதான் யார் தப்பு என்று பேசுவோம். இங்கே எண் குறைந்ததே போதும்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பாதி சரிசெய்தது. தரம் குறைந்த பாலுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்தான், சிறை கிடையாது. சிறை, பாதுகாப்பற்ற உணவுக்கு. நல்ல மாற்றம்.

மீதிப் பாதி? அந்தத் தீர்ப்பு வந்த அதே மாதம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தன் நாடு தழுவிய பால் ஆய்வை வெளியிட்டது. 6,432 மாதிரிகளில் யூரியா, சோப்புத்தூள் போன்ற கலப்படம் இருந்தவை 12. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பைத் தாண்டியவை 368. அதில் தமிழ்நாடு மட்டும் 88, மாநிலங்களிலேயே அதிகம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ மாடு தின்றால் பாலுக்கு வருவது இது. காய்ச்சினாலும் போகாது. இதை யாரும் ஊற்றிக் கலக்கவில்லை.

அப்போ தீவனத்தைத்தானே முதலில் பிடிக்கணும்? 'உணவு' என்பதற்கு அதே சட்டம் தரும் வரையறையைப் படித்துப் பாருங்கள். கால்நடைத் தீவனம் அதில் சேராது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கலப்படக்காரரைத் தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோளாறு தீவனத் தொட்டியில் இருக்கும்போது பால் கேன் பக்கத்திலேயே காவல் நின்றால், கடைசியில் மாட்டிக்கொள்பவர் கேனைத் தூக்கி வருபவர்தான். நச்சு நம்ம டம்ளருக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.