'ராயல் கோர்ட்' விளையாட்டில் வழக்கும் தீர்ப்பும்

'குரூசேடர் கிங்ஸ் 3' சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணினி வியூக விளையாட்டு. இடைக்கால அரசகுலம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்திச் செல்வது ஆடுபவரின் பணி. 2022 பிப்ரவரியில் வெளிவந்த 'ராயல் கோர்ட்' என்னும் விரிவாக்கத் தொகுப்பு இதில் அரசவையைச் சேர்த்தது. மன்னர் அல்லது பேரரசர் அவையைக் கூட்டும்போது, சிற்றரசர்களும் அவையினரும் ஒருவர் பின் ஒருவராக வந்து முறையிடுவர்.

தீர்ப்பின் விலை

பகைகொண்ட இரு பிரபுக்கள் அவைக்கு வந்தால், ஆடுபவருக்குச் சில தெரிவுகள் தரப்படும். ஒவ்வொரு தெரிவாலும் யாருடைய நன்மதிப்பு எவ்வளவு ஏறும், யாருடையது இறங்கும் என்பது பெரும்பாலும் முன்பே எண்ணாகக் காட்டப்படும். சாட்சிகளை விசாரிக்கவோ யார் பக்கம் நியாயம் என்று ஆராயவோ இடம் மிகக் குறைவு. ஆகவே அனுபவமுள்ள ஆட்டக்காரர் முறையீட்டைவிட முறையிடுபவரின் படைபலத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

இதைக் குறையாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. வெளிவந்தபோது இந்த விளையாட்டு 867 அல்லது 1066-ல் தொடங்கியது. அக்கால ஐரோப்பிய மன்னர்கள் போருக்குத் தங்கள் பிரபுக்கள் தரும் படையைப் பெரிதும் நம்பியிருந்தனர். தோற்ற தரப்பு நாளை எதிரணியில் சேரலாம் என்னும் அச்சத்தோடுதான் அவர்கள் வழக்கைக் கேட்டிருக்க முடியும். நீதிபதியும் ஒரு கட்சிக்காரரே என்ற உண்மையை இந்த விளையாட்டு பாடமாகச் சொல்லாமல் ஆடுபவரின் கையாலேயே செய்ய வைக்கிறது. இதுவே இதன் சிறப்பு.

குணம் என்னும் தடை

கணக்கு மட்டுமே ஆட்டத்தை ஆளாதபடி காப்பது மன அழுத்த முறை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குணங்கள் உண்டு. இரக்கமுள்ளவர் கொடிய தண்டனை விதித்தாலும், பேராசைக்காரர் பொன்னை விட்டுக்கொடுத்தாலும் மன அழுத்தம் கூடும். அது மிகும்போது உடல்நலம் குன்றும். குடிப்பழக்கம் போன்றவை தொற்றிக்கொள்ளும். லாபமான தீர்ப்பு, தீர்ப்புச் சொன்னவரையே அரிக்கலாம்.

மறக்கும் அவை

தென்னிந்தியாவும் இந்த விளையாட்டின் வரைபடத்தில் உள்ளது. சோழ மன்னராகவும் ஆடலாம். இளைஞனான கரிகாலன் நரைமுடி தரித்து முதியவர் இருவரின் வழக்கைத் தீர்த்ததாக ஒரு கதை தமிழில் உண்டு. தீர்ப்பளிப்பவர் மீது வழக்காடுவோருக்கு நம்பிக்கை வேண்டும் என்பது அக்கதையின் மையம். இந்த விளையாட்டில் அப்படியொரு கேள்வி ஆழமாக எழுவதில்லை. தோற்றவர் தீர்ப்பு நியாயமானது என்று ஏற்றாரா, அஞ்சிப் பணிந்தாரா என்பதும் தெரிவதில்லை. இரண்டையும் ஒரே எண் குறிக்கிறது. அந்த எண்ணும் பெரும்பாலும் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்.

2022 செப்டம்பரில் வந்த 'ஃபிரண்ட்ஸ் அண்ட் ஃபோஸ்' தொகுப்பு குலப்பகையைச் சேர்த்தது. ஆயினும் அவையில் சொன்ன தீர்ப்பு பேரன் காலத்துப் பகையாக முளைப்பதைக் காண்பது அரிது. முறையீடுகளும் சில மணி நேர ஆட்டத்துக்குப் பின் திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றுகின்றன. தலைமுறைகளைப் பற்றிய விளையாட்டில் மனக்குறை மட்டும் தலைமுறை கடக்காதது பெரிய இழப்பு. அதிகாரத்தின் கணக்கை இந்த அரசவை நன்றாகக் காட்டுகிறது. அநீதி இழைக்கப்பட்டவரின் நினைவைக் காட்ட அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.