ஐந்நூறு ரூபாய் ஹோனிங் டூல்: எது நடக்கும், எது நடக்காது

டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றுகிற மூன்று கால் ஹோன் இப்போது சென்னை பிராட்வே கடைகளிலும் ஆன்லைனிலும் ஐந்நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கிறது. எஞ்சின், பிரேக் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். வீட்டு வாசலிலேயே வண்டியைப் பிரித்துப் போடுகிறவர்களும், ஒற்றை ஆளாகப் பட்டறை நடத்துகிறவர்களும் இதை வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் தேய்ந்துபோன போருக்கு லேத் செலவை மிச்சப்படுத்தும் என்று நினைத்து வாங்கினால் டூல் செலவும் ஆகும், லேத் செலவும் ஆகும்.

சூட்சுமம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. மூன்று கால்களையும் ஸ்பிரிங் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதால், போரின் சுவர் எப்படிப் போகிறதோ கல்லும் அப்படியே போகும். போர் ஓவலாகத் தேய்ந்திருந்தால் ஓவலாகவே இழைக்கும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் அந்த டேப்பரையும் அப்படியே விட்டுவைக்கும். கோணலை எடுக்க வேண்டுமானால் கல் ஓர் அளவில் விறைத்து நிற்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கிற இடத்தை முதலில் கடிக்க வேண்டும். சன்னன் ஏஎன்-112, லைல் 15000 மாதிரியான அமெரிக்க ரிஜிட் ஹோன்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. அவற்றின் விலைக்குப் பல வண்டிகளின் பேரலை லேத்தில் கொடுத்து ஓவர்சைஸ் போட்டு வாங்கிவிடலாம். மாதம் ஒரு பேரல்கூடக் கழற்றாத ஆளுக்கு அது வேண்டாத முதலீடு.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஹோன் இல்லை, ஃபில்லர் கேஜ். டயல் போர் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு ரிங்கே போதும். புது டாப் ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங் ஓடாத அடிப்பகுதியில் நிறுத்தி ரிங் கேப்பை அளந்துகொள்ளுங்கள். பிறகு மேலே, டாப் ரிங் வந்து திரும்புகிற இடத்தில் நிறுத்தி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் அந்த இடத்தில் போரின் விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கீழே 0.30 மி.மீ., மேலே 0.55 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.25-ஐ 3.14-ஆல் வகுத்தால் சுமார் 0.08 மி.மீ. தேய்மானம். 50 மி.மீ. போர் உள்ள ஸ்ப்ளெண்டருக்கு இது அதிகம். ஹோனைத் தொடாமல் பேரலை லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். 0.02, 0.03 என்று வந்தால் ஹோன் போதும். ஓவலை இந்த முறை காட்டாது, அது ஒரு குறை. மேல் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டி, படி தட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தால், மிச்சம் இருக்கிற ஒரே வேலை பளபளப்பைக் கெடுப்பது. ரிங் உரசி உரசிப் போரின் சுவர் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அதில் புது ரிங் உட்காராது. ரிங் மாற்றியும் ஆயில் புகை நிற்கவில்லை என்று திரும்பி வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் கதை. ஹோன் போடுகிற மெல்லிய குறுக்குக் கோடுகள் ஆயிலைப் பிடித்துவைத்துக்கொண்டு, ரிங்கின் முகம் தேய்ந்து சுவரோடு பொருந்த வழிசெய்கின்றன. பழைய கோடுகள் இன்னும் சுற்றிலும் தெளிவாகத் தெரிந்தால் ஹோனே வேண்டாம், ரிங்கை மாட்டிவிடலாம்.

மூன்று கால் ஹோன் பெரும்பாலும் மூன்று அளவில் வருகிறது: பிரேக்குக்கு 19–63 மி.மீ., நடுத்தரம் 32–88, பெரியது 50–178. பெரிசா எடுத்தா எல்லாத்துக்கும் ஆகும் என்று பைக்காரர்கள் 178-ஐத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதன் கல்லே சுமார் 100 மி.மீ. நீளம். 100 சிசி பைக்கின் பேரலுக்குள் விட்டால் மேலும் கீழும் ஓட இடம் இருக்காது. கால்களும் முழுக்க மடங்கி, ஸ்பிரிங் இருக்கிற பலத்தையெல்லாம் சுவர்மேல் காட்டும். ஸ்ப்ளெண்டரிலிருந்து, 68.5 மி.மீ. போர் உள்ள மாருதி 800, 70 மி.மீ. போர் உள்ள பழைய புல்லட் 350 வரை 32–88 போதும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கல் தன் நீளத்தில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போரின் இரு முனையிலும் வெளியே வந்துபோக வேண்டும். அதிகம் வந்தால் போரின் வாய் அகலும். வராமலே இருந்தால் நடுவில் வயிறு வைக்கும்.

நான் ஓட்டிப் பார்த்த மலிவு ஹோன்களில் கல்லைவிடக் கல்லைத் தாங்குகிற பாகம்தான் மோசம். கல் தாங்கி ஒரு ரிவெட்டில் ஆடும். கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். ஆனால் ஒன்று தொளதொளவென்றும் இன்னொன்று இறுகியும் இருந்தால், இறுகின கல் சாய்ந்து ஒரு முனையால் மட்டும் கோடு போடும். கடையிலேயே மூன்று கல்லையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். கால்களைச் சேர்த்து அமுக்கி விட்டால் மூன்றும் ஒரே சீராக விரிகின்றனவா என்றும் பாருங்கள். தண்டில் இருக்கிற சுருள் கம்பி வளைந்து ஆடுவதைக் குறை என்று நினைக்க வேண்டாம். டிரில் சற்றுச் சாய்ந்தாலும் கல் சுவரோடு ஒட்டிப் போவதற்காக வைத்தது அது. புதுக் கல்லின் முனைகள் கூராக இருக்கும். வேறொரு சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து மழுக்கிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். கிரிட் எண் போடாத பெட்டியை வாங்கவே கூடாது. வார்ப்பிரும்பு போருக்கு 220 முதல் 280 வரை சரி. மாற்றுக் கல் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவையுங்கள்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறவர்கள் (இந்த ஊரில் அவர்களுக்கு என்ன குறைச்சல்!) இதைப் படித்துவிட்டு மூன்று கால் ஹோனை வாங்கிவிட வேண்டாம். டூ ஸ்ட்ரோக் பேரலின் சுவரில் போர்ட்டுகள் திறந்து கிடக்கின்றன. சுற்றுகிற கல்லின் முனை எக்ஸாஸ்ட் போர்ட்டில் விழுந்தால் கல்லும் உடையும், போர்ட்டின் விளிம்பும் பெயரும். அங்கே பால் ஹோன்தான் சரி. நடுக் கம்பியிலிருந்து நைலான் இழைகள் நாலாபக்கமும் கிளம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் சாணைத்துகள் உருண்டை ஒட்டியிருக்கும். போர்ட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பையும் லேசாக மழுக்கிவிடும், அது நல்லதுதான். இதில் பேர்போனது ஃபிளெக்ஸ்-ஹோன். அமெரிக்காவின் பிரஷ் ரிசர்ச் கம்பெனி செய்வது. அதன் விலையில் ஒரு பகுதிக்கே நகல்கள் கிடைக்கின்றன. நகலில் பார்க்க வேண்டியவை இரண்டு. உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தித் திருகிப் பாருங்கள். மணல் உதிர்ந்தால் அது நாளைக்கு உங்கள் எஞ்சினுக்குள் போகிற மணல். அடுத்தது அளவு. அசலைப் போரின் விட்டம் சொல்லி வாங்கினால் போதும், டூல் அதைவிடச் சற்றுப் பெரிதாகவே வரும். நகல்களில் சிலர் பிரஷ்ஷின் விட்டத்தையே அளவாகப் போட்டுவிடுகிறார்கள். 50 போருக்கு 50 பிரஷ் வந்தால் சுவரைத் தடவிவிட்டுப் போகும், கோடு விழாது. வெர்னியரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஓர் அளவுக்கு ஒரு பால் ஹோன் என்பதால், பல வண்டி வந்துபோகிற பட்டறைக்கு மூன்று கால் ஹோன்தான் கட்டுப்படியாகும். ஒரே வண்டியை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பவர் பால் ஹோன் வாங்கட்டும்.

எந்த ஹோனாக இருந்தாலும் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் டிரில்லின் வேகம். குறுக்குக் கோடுகள் ஒன்றையொன்று 45 முதல் 60 டிகிரியில் வெட்ட வேண்டும் என்பார்கள். 70 மி.மீ. போரில் டிரில் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றினால், 45 டிகிரி வருவதற்கு 100 மி.மீ. ஓட்டத்தை விநாடிக்கு மூன்று முறை மேலும் கீழும் இழுக்க வேண்டும். எந்தக் கைக்கும் அது ஆகாது. சாதாரணமாக இழுக்கிற மாதிரி விநாடிக்கு ஒரு முறை இழுத்தால் கோணம் 15 டிகிரிக்குப் படுத்துவிடும். ரிங் அந்தப் படுத்த கோடுகளில் ஆயிலை விட்டுவிட்டுப் போகும், ஆயில் செலவு குறையாது. வேகத்தை 150-க்கு இறக்கினால் அதே கை இழுப்புக்கு 40 டிகிரி வந்துவிடும், சற்றே விரைந்து இழுத்தால் 45. வீட்டில் சுவர் துளைக்கிற 13 மி.மீ. டிரில்கள் பல, முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,500-ஐத் தாண்டிச் சுற்றுபவை. விசையை லேசாக அழுத்தி 150-இல் நிறுத்திவைப்பது விரலுக்குத் தண்டனை. கார்ட்லெஸ் டிரில்லின் முதல் கியர் இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

மசகுக்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டால் போதும். பத்துப் பதினைந்து விநாடி ஓட்டி, நிறுத்தி, துடைத்துப் பாருங்கள். பளபளப்பு போய், சாம்பல் நிறத்தில் சீராகக் கோடு விழுந்துவிட்டால் வேலை முடிந்தது. இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்படக் கூடாது. மூன்று கால் ஹோனை நிறுத்தி, கால்களை அமுக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். சுற்றும்போதே உருவினால் கால்கள் விரிந்து கையைப் பதம் பார்க்கும். பால் ஹோனுக்கு நேர்மாறு: சுற்றிக்கொண்டே உள்ளே போக வேண்டும், சுற்றிக்கொண்டே வெளியே வர வேண்டும். நின்றபடி உருவினால் நெட்டுக்குக் கீறல் விழும்.

கழுவுவதில்தான் நம் பட்டறைகளில் அலட்சியம் அதிகம். பெட்ரோல் ஊற்றி, வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்து மாட்டிவிடுகிறார்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஆயிலைக் கரைத்துக்கொண்டு போகும். கோடுகளுக்குள் சிக்கின கல் தூளை அங்கேயே விட்டுவிடும். வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுத்தமான ஆயிலை நனைத்துப் போருக்குள் திருகி எடுத்தால், முதல் தடவை கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற போரிலிருந்தும் ஈயக் கறுப்பாக ஒரு வட்டம் வரும். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை மறுபடி மறுபடி சோப்புதான். காய்ந்ததும் உடனே ஆயில் தடவிவிட வேண்டும், வார்ப்பிரும்பு நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடிக்க அதிக நேரம் எடுக்காது.

கல் ஹோனைக் காட்டவே கூடாத பேரல்களும் இருக்கின்றன. கேடிஎம் ட்யூக் 390-இல் அலுமினியச் சுவரின்மேல் நிகாசில் பூச்சு. ஜெர்மனியின் மாலே கம்பெனி 1967-இல் கொண்டுவந்த நிக்கல், சிலிக்கன் கார்பைடு கலவை. சாதாரணக் கல் அதைச் சரியாக வெட்டாது, பூச்சு பெயர்ந்தால் அதோடு முடிந்தது. யமஹா ஆர்15-இன் டயாசில் சிலிண்டரில் ஸ்லீவே கிடையாது, சிலிக்கன் அதிகம் சேர்த்த அலுமினியமே சுவர். சந்தேகம் வந்தால் காந்தத்தைப் போருக்குள் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் ஹோனைத் தள்ளி வையுங்கள்.

பிரேக் பக்கம் என் தீர்ப்பு இன்னும் கறார். டிஸ்க் பிரேக் கேலிப்பருக்கு ஹோன் பெரும்பாலும் தேவையே இல்லை. சீல், போரில் வெட்டின காடிக்குள் உட்கார்ந்து பிஸ்டன்மேல்தான் அழுந்துகிறது. கவனிக்க வேண்டியது பிஸ்டனின் முகம். அலுமினிய மாஸ்டர் சிலிண்டரையும் தொடக் கூடாது. உள்ளே அனோடைஸ் செய்த மெல்லிய தோல் இருக்கும், கல் பட்டால் உரிந்துவிடும், புது கப்பும் சீக்கிரம் தேய்ந்து ஒழுகும். மிச்சம் இருப்பது இரும்பு வீல் சிலிண்டர்களும் பழைய இரும்பு மாஸ்டர் சிலிண்டர்களும். ஓடுகிற மாடல்களுக்குப் புது வீல் சிலிண்டரே மலிவாகக் கிடைக்கும்போது இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி தயாரிப்பு நின்றுபோன வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குத்தான் பிரேக் ஹோன் உண்மையில் கைகொடுக்கிறது.

முக்கால் இஞ்ச் வீல் சிலிண்டர் என்றால் 19.05 மி.மீ. 19-இல் தொடங்குகிற மூன்று கால் ஹோன் அதில் மூச்சுத் திணறும். சின்னக் கல் வைத்த இரண்டு கால் ஹோன் இங்கே வசதி. 320 கிரிட் பக்கமாகப் பார்த்து எடுங்கள். மசகுக்குப் பிரேக் ஆயிலையே விட வேண்டும், கழுவுவதற்குப் பிரேக் கிளீனர் அல்லது ஸ்பிரிட். எஞ்சின் போருக்குக் கலக்கிவைத்த மண்ணெண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று அதை இங்கே ஊற்றினால், கிளைக்கால் வகை டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் கப் ஊதிப் பெருத்து, பிரேக் பிடித்தது விடாமல் நிற்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் சிலிண்டரின் அடிப்பக்கம் தங்கித் துருவாகும். மேலோட்டமான கறை, பழுப்பு வளையம் எல்லாம் நாலைந்து ஓட்டத்தில் போய்விடும். நகத்தில் தட்டுகிற குழி போகாது. குழி போகும்வரை இழைத்தால் போர் அகன்று, கப் பின்பக்கம் பிதுங்கி ஒழுகும். பிஸ்டனைக் கப் இல்லாமல் உள்ளே விட்டு, 0.1 மி.மீ. ஃபில்லர் பிளேடு பக்கவாட்டில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அந்தச் சிலிண்டரை வண்டியில் மாட்ட வேண்டாம். வேறு உருப்படி கிடைக்காத வண்டியாக இருந்தால், போரை அகலப்படுத்திப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து தருகிற லேத்தாகத் தேடுங்கள். முழுச் சிலிண்டரையும், அதில் போடப்போகிற புது கப்பையும் பிஸ்டனையும் சேர்த்தே கொண்டுபோய்க் கொடுங்கள்; வாய்மொழியாகச் சொன்ன அளவுக்குக் கடைந்து வாங்குகிற பாகம் இல்லை அது.