கஞ்சா: கவிஞர் சாட்சியமும் குமாஸ்தா சாட்சியமும்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் இந்தக் கட்சிக்காக எழுத்தாளர்கள் இதுவரை பேசிவந்திருக்கும் விதம் எனக்கு உடன்பாடானதல்ல. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1966 நவம்பர் ‘அட்லாண்டிக் மந்த்லி’யில் ஆலன் கின்ஸ்பெர்க் எழுதிய கட்டுரை இவ்விஷயத்தில் நவீன எழுத்தாளர்களின் பிரகடனம் மாதிரி. அமெரிக்கச் சட்டத்தின் மூர்க்கத்தையும், அதற்கு முட்டுக்கொடுக்கப் பரப்பப்பட்ட பூச்சாண்டிக் கதைகளையும் அது அம்பலப்படுத்தியது. அந்த அளவில் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் வாதத்தின் உயிர்நிலை வேறு இடத்தில் இருக்கிறது. கஞ்சா பிரக்ஞையை விரிக்கிறது. செஸானின் ஓவியத்தில் வெளி எப்படி உருவாகிறது என்பதைத் தனக்குக் காட்டியது அதுதான் என்கிறார். கட்டுரையின் முதல் பாதியைப் புகைத்துக்கொண்டே எழுதியதாகவும் சொல்லிக்கொள்கிறார். ஆக வாதி, சாட்சி, ஆதாரம் மூன்றும் ஒருவரே. 1962-63இல் காசியிலும் கல்கத்தாவிலும் தங்கி, சாதுக்களோடு உட்கார்ந்து புகைத்தவர் அவர். அங்கே சாதுக்கள் மட்டுமா புகைத்தார்கள்? செஸானைப் பார்க்காதவன், பார்க்க விரும்பாதவன், நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு இரவில் ஒரு சிலும்பி இழுப்பவன், இவனுக்கு இந்த வாதத்தில் இடம் எங்கே? தரிசனம் கிடைப்பவனுக்குத்தான் சுதந்திரம் என்றால் அது சுதந்திரம் அல்ல, சலுகை.

எதிர்ப்பக்கத்தில் போதலேர். ஹஷீஷ் மனிதனிடம் ஏற்கனவே இல்லாத எதையும் அவனுக்குத் தருவதில்லை, சித்த உறுதியை மட்டும் தின்றுவிடுகிறது என்பது 1860இல் வெளிவந்த ‘செயற்கைச் சொர்க்கங்க’ளில் அவர் கண்ட முடிவு. கவிஞனைப் பற்றிய பேச்சாக இதைவிடக் கூர்மையானதை நான் படித்ததில்லை. ஆனால் 1851இல் இதே பொருள் பற்றி எழுதியபோது, புத்தியுள்ள எந்த ராஜ்யமும் ஹஷீஷோடு பிழைத்திருக்க முடியாது என்றும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தன் அறையில் கண்டதை ராஜ்யத்துக்கு விதியாக்குவது. கின்ஸ்பெர்க் செய்ததும் இதுவேதான், திசை வேறு. இருவருக்கும் கஞ்சா ஆத்மாவின் பிரச்னை.

நான் நம்புவது வேறொரு சாட்சியத்தை. 1893இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து இந்தியாவில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. அது 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை கொடுத்தது. நடை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. கஞ்சா பைத்தியமாக்கும் என்பது அன்று எல்லோருடைய நம்பிக்கை. ஆதாரம், ஆஸ்பத்திரிப் பதிவேடுகள். கமிஷன் பதிவேட்டை அப்படியே நம்பவில்லை. 1892இல் சேர்க்கப்பட்டவர்களின் கேஸ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கஞ்சா’ என்ற சொல் எப்படி வந்து உட்கார்ந்தது என்று விசாரித்தது. பல கேஸ்களில், நோயாளியைக் கொண்டுவந்த போலீஸ்காரரின் ஊகமே காரணமாகிவிட்டிருந்தது. தினமும் பத்து மணியிலிருந்து படிவங்களின் கட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இந்த இடத்தில் புல்லரித்தது. ஒரு சொல் தன் இடத்துக்கு எப்படி வந்தது என்று கேட்பதுதானே விமர்சனத்தின் வேலையும்?

மிதமான உபயோகத்தால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் உண்டு. அடியோடு தடை தேவையில்லை, லைசென்ஸ், வரி, கடைகளுக்கு வரம்பு, கையிருப்புக்கு வரம்பு போதும் என்பது கமிஷனின் முடிவு. வரி வருமானத்தில் கண்ணுள்ள அரசாங்கத்தின் கமிஷன் என்பதை நான் மறக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தால், கணக்கெழுதியவனின் எஜமான் யார் என்பது இரண்டாவது கேள்வி.

1985ஆம் வருஷத்துச் சட்டம் இந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டது. அதன்படி செடியின் பூங்கொத்து கஞ்சா. பூங்கொத்து சேராத இலை கஞ்சா அல்ல. ஆகவே காசியில் அரசாங்க லைசென்ஸ் பெற்ற கடையில் பாங்கு விற்கிறது. அதே செடியின் பூ ஒரு கிலோ வரை கையில் இருந்தால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு. கூலிக்கு மூட்டை தூக்கியவனுக்கும் அதே தராசு. 2020 டிசம்பரில் ஐ.நா. கமிஷனில், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்கும் தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இங்குள்ள தராசு அசையவில்லை.

இன்றைய கஞ்சா 1894இன் கஞ்சா அல்ல, வீரியம் கூட்டப்பட்டது; இளம் வயதில் தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனநோய் அபாயம் கூடுகிறது என்பார்கள். உண்மை. ஆனால் கள்ளச் சந்தையில் வீரியத்தை அளப்பவர் யார், வயதைக் கேட்பவர் யார்? 2018 அக்டோபரில் சட்டபூர்வமாக்கிய கனடாவில் பொட்டலத்தின் மேல் வீரியம் அச்சிடப்பட்டாக வேண்டும்; வாங்குபவருக்கு மாகாணத்தைப் பொறுத்து 18 முதல் 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அபாயமான சரக்கு என்பதனாலேயே அதற்கு ஒரு பதிவேடு வேண்டும் என்கிறேன்.

நம் வட்டத்தில் இது சிலருக்குக் கசக்கும். சிறுபத்திரிகைக் கவிதையில் கஞ்சாப் புகைக்கு இருக்கிற மவுசில் பாதி, தடை கொடுத்தது. தடை நீங்கினால் அது வெற்றிலை பாக்கு மாதிரி கடைச் சரக்காகிவிடும். அதைப் பற்றிய கவிதை கவிதையாக மட்டுமே நின்றாக வேண்டும். நிற்காதவை விழட்டும். ஆனால் இது சட்டத்தை மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் எழுதுவது மூட்டை தூக்கியவனின் பத்து வருஷத்தைத்தான். மற்றது, ஒரு விமர்சகனுக்குக் கிடைக்கும் சில்லறை லாபம்.