வழுவும் வழுவமைதியும்

பெடாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறைக்கு ஓர் உண்மை நன்கு தெரிந்திருந்தது. மங்கைத் துடைக்காமல் விட்டால் அதில் ஒட்டிய அழுக்கு பால் கொட்டகை வரையில் வரும். கொட்டகையில் எத்தனை முறை வடித்தாலும் மறுநாள் அதே அழுக்கு மீண்டும் வந்து நிற்கும். அம்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டு நீங்கிவிட்டன. தோட்டத்தார் வீட்டுப் பிள்ளைகள் இன்று கணினியில் தமிழ் எழுதுகின்றனர். ஆயினும் குறையை அது பிறந்த இடத்திலேயே தீர்க்கவேண்டும் என்னும் அந்த அறிவு கணினித் தமிழுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். அதில் காணும் குறைக்குத் தமிழ் ஆர்வலர் ‘வழு’ என்று பெயரிட்டனர். மிகப் பொருத்தமான பெயரே. நன்னூலார் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்தார். வழுவேயாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. சொல்லை எடுத்துக்கொண்டோர் அதன் பின்னிருக்கும் பகுத்தாராயும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டனரா என்பதே ஈண்டு எழும் கேள்வி.

உபுண்டு இயங்கும் கணினியில், லிப்ரே ஆபிஸில் ஒருவர் ‘கொ’ என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே வராமல் பின்னே நிற்கிறது. குற்றம் யாருடையது? உபுண்டு அம்மென்பொருளை வாங்கிக் கட்டித் தருவது மட்டுமே. எழுத்துகளை முறைப்படி கோப்பது ஹார்ஃப்பஸ் என்னும் வேறொரு நிரல். வடிவம் தருவது லோகித், நோட்டோ போன்ற எழுத்துருக்கள். அதே சொல்லை வேறோர் எழுத்துருவில் பார்த்தால் சரியாக வருகிறதா? ஆம் எனில் எழுத்துரு செய்தவரிடம் செல்லவேண்டும். எல்லா எழுத்துருவிலும் பிழை, ஆனால் அதே ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் ஃபயர்பாக்ஸில் பிழையில்லை எனில் லிப்ரே ஆபிஸாரைக் கேட்கவேண்டும். இரண்டிலும் பிழையெனில் ஹார்ஃப்பஸின் வாயிலைத் தட்டவேண்டும். அரைமணி நேர வேலைதான்.

முறையிடுவோரே வழுவுவதும் உண்டு. ‘கௌரி’ என்று தேடினால் ‘கெளரி’ அகப்படவில்லை என்று குறைகூறுவோர் பலர். ஔகாரக் குறியை விட்டுவிட்டு, ஒற்றைக்கொம்போடு ளகர எழுத்தைச் சேர்த்து அடித்தவர் பிழைக்கு மென்பொருள் என்ன செய்யும்? ‘கொ’வின் நிலை வேறு. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். இரண்டும் ஒன்றே என்பது யுனிகோடின் விதி. ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைக் காட்டாத கருவி உண்மையாகவே வழுவுடையது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டையும் பிரித்தறிபவரின் அறிக்கைக்கே மதிப்புண்டு.

நடைமுறையோ வருந்தத்தக்கது. எழுத்துருவை மாற்றிவிட்டு அப்பால் செல்வோர் ஒருபுறம். தமிழுக்கு எப்போதும் இதுதான் கதி என்று நண்பரிடம் சலித்துக்கொள்வோர் மறுபுறம். சற்றுத் திறமையுடையோர் தம் படியில் மட்டும் நிரலைத் திருத்திக்கொள்கின்றனர். அடுத்த பதிப்பு வந்ததும் அத்திருத்தம் அழிந்துபோகிறது. தன் ஏட்டில் மட்டும் நல்ல பாடத்தை எழுதி வைத்துக்கொண்ட பழைய ஏடெழுதுவோனின் கதையே இது.

காலத்தில் சொல்லாததன் விலையை அறிய ஆய்த எழுத்தைப் பார்த்தால் போதும். 1991இல் வெளிவந்த யுனிகோடில் தமிழ் இடம்பெற்றது. அதன் அமைப்பு 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரமான இஸ்கியைத் தழுவியது. வடமொழி எழுத்துவரிசையை அளவுகோலாகக் கொண்ட அவ்வமைப்பில் நம் ஆய்தத்துக்கு ‘விசர்க்கம்’ என்னும் பெயர் அமைந்துவிட்டது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது யுனிகோடின் உறுதி. ஆகவே ஆய்தம் என்பது பட்டியலில் ஒரு குறிப்பாகவே நிற்கிறது. இதனினும் தெளிவான வழுவமைதியைக் காண்பது அரிது. அதே நிறுவனம் 2005இல் தமிழ்ச் சுழியத்தைச் சேர்த்தது. 2019இல் பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 வடிவங்களை ஏற்றது. எழுத்து மூலமான முன்மொழிவுகள் சென்றதாலேயே இவை நடந்தன.

அறிக்கைகள் ஆங்கிலத்தில் அமைவதே வழக்கம் என்பது தோட்டப்புற மாணவருக்கு ஓர் உண்மையான தடை. ஆனால் மென்பொருளின் பதிப்பெண், பிழை தோன்றிய படிகள், எதிர்பார்த்த வடிவம், கிடைத்த வடிவம், ஒரு படம், தமிழ் வரியொன்று ஆகிய இவற்றுக்குப் பத்து எளிய வாக்கியங்கள் போதும். தமிழ்ப்பள்ளியும் இடைநிலைப்பள்ளியும் கற்பிக்கக்கூடியவையே அவை. மென்பொருளைப் பேணுவோர்மீதும் குறையுண்டு. தமிழறியாத அவர்கள் சில அறிக்கைகளை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவர். அவர்களிற் பலர் ஊதியமின்றி உழைப்போர் என்பதையும் மறத்தலாகாது. விடை வராத அறிக்கையும் தன் எண்ணோடு பதிவேட்டில் நிற்கும். அதே கொம்பு பின்னே நிற்பதைக் காணும் மற்றொருவர், பெடாஸிலோ மதுரையிலோ இருந்து, தம் சான்றை அதன்கீழ் எழுதிச் சேர்க்கலாம்.