நூல் திரும்பும் இடம்

லக்கலயில் ஏழு வாரம் எந்தக் குறையும் காட்டாமல் சுற்றிய றீல், மூதூருக்கு இரண்டாம் முறை கொண்டுபோனபோது கத்தத் தொடங்கியது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மெல்லிய கீச்சுச் சத்தம். பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர்தான் முதலில் சொன்னார்: “தம்பி, உங்கட மிசின் அழுகுது. எண்ணெய் விடுங்க.” கைப்பிடியைக் கழற்றி எண்ணெய் விட்டேன். சத்தம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கத்தியது கைப்பிடி அல்ல. நூல் றீலுக்குள் திரும்புகிற இடத்தில் இருக்கும் பயறளவு றோலர்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் ஏறி, பிட்டவல பத்தனையைத் தாண்டி இறங்கினால் லக்கல. பழைய பல்லேகம நகரம் இருந்த இடத்தில் இப்போது களு கங்கை நீர்த்தேக்கம் கிடக்கிறது; 2018இல் நீர் நிரப்பினார்கள். களுத்துறைக் களு கங்கை வேறு. இது நக்கிள்ஸ் மலையில் பிறந்து அம்பன் கங்கையோடு சேர்வது. அம்பன் கங்கை மகாவலியில் விழுகிறது, மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. ஆக, லக்கலயிலும் மூதூரிலும் நான் தூண்டில் போடுவது ஒரே தண்ணீரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும்தான். மேலே திலாப்பியா, விரால். கீழே கொடுவா, சிறு பாரை. இரண்டு இடத்துக்கும் ஒரே றீல் வேண்டும், அதுவும் வீட்டுச் செலவில் கைவைக்காத விலையில் வேண்டும் என்றுதான் தேடத் தொடங்கினேன்.

அளவு பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 2500 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 6 முதல் 10 இறாத்தல் தங்கூசிக்கு (நைலோன் நூலுக்கு) அது போதும். ஏழடித் தடியில் முன்பாரம் தெரியாது. சுற்றுவிகிதம் 5க்கு 1ஓ 5.2க்கு 1ஓ இருந்தால் போதும்.

நான் வாங்கியது பெட்டியில் “13+1 பெயரிங்” என்று பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு றீல். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன், அது என் பிழை. கடை மேசையில் சுற்றிப் பார்த்தால் வெண்ணெய் போல ஓடியது. நீர்த்தேக்கத்திலும் அப்படியே ஓடியது. நன்னீர் எந்த றீலையும் மன்னித்துவிடும். மூதூரின் உப்பு மன்னிக்கவில்லை. முதல் பயணம் முடிந்து பையில் போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து எடுத்தேன். றோலருக்குள் இருந்த பெயரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. விலை குறைந்த றீலில் பதின்மூன்று பெயரிங் வைக்கவேண்டுமென்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு மலிவாக இருக்கவேண்டும் என்று வாங்கும்போதே கணக்குப் போட்டிருக்கவேண்டும்.

இந்தச் சிறு உருளைக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். ஸ்பின்னிங் றீலில் நூற்சுருள் சுற்றுவதில்லை, அது நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கிலாந்தின் பிராட்போர்டில் கம்பளி ஆலை வைத்திருந்த ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வேர்த் 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. ஆலையில் அசையாத கதிரிலிருந்து இழை உருவிக்கொண்டு போவதுபோல, தூண்டில் நூலும் சுருளின் விளிம்பைத் தாண்டி உருவி ஓடும். அதனால்தான் ஐந்து கிராம் லூரைக்கூட (போலி இரையை) தூரமாக எறிய முடிகிறது. ஆனால் திரும்ப இழுக்கும்போது நூல் செங்கோணமாக மடங்கித்தான் சுருளில் ஏறவேண்டும். அந்த மடங்கும் மூலையில்தான் றோலர் நிற்கிறது. அது உருண்டால் நூல் அதோடு சேர்ந்து போகும். உருளாவிட்டால் ஒரே கோட்டில் அரைத்துக்கொண்டு போகும். என் தங்கூசியின் கடைசி பத்து மீற்றரை நகத்தால் வழித்துப் பார்த்தேன், மணல் ஒட்டியதுபோலச் சொரசொரத்தது. அந்த இடத்தில்தான் அன்று கொடுவா ஒன்று அறுத்துக்கொண்டு போனது.

மெல்லிய நூலில் இந்தக் குறை இரட்டிப்பாகும். தடித்த நூலும் பெரிய மீனும் இழுக்கிற இழுப்பில் அரைகுறையாக இறுகிய றோலரும் சுற்றிவிடும். நம்முடைய பாரம் அப்படியல்ல. வெறும் லூரை இழுத்து வரும்போது நூலில் இருக்கிற இழுவை மிகக் குறைவு. அந்தச் சிறு இழுவைக்கே உருளுகிற றோலர்தான் நமக்கு வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி: றோலரின் மேல் அழியாத மை பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நூலைத் தடியின் மோதிரங்களில் கோத்து, நுனியை இன்னொருவர் இரண்டு விரலால் மென்மையாகப் பிடிக்க, மெதுவாகச் சுற்றுங்கள். புள்ளி மறைந்து மறைந்து வந்தால் றோலர் உருளுகிறது. நின்ற இடத்திலேயே நின்றால் அந்த றீலை வைத்துவிடுங்கள். என் றீலில் புள்ளி அசையவே இல்லை.

றோலரைக் கழற்றுவது பெரிய வேலையில்லை, ஒரே ஒரு திருகாணிதான். ஆனால் உள்ளே விரல்நகத்தில் பாதியளவு வாஷர்கள் இருக்கின்றன. வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றையும் எடுக்கும் வரிசையைப் போனில் படமெடுத்துக்கொண்டே கழற்றினேன். துருவைச் சுரண்டிப் பார்த்தும் பெயரிங் மீளவில்லை. அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது உள்ளே உருண்டைகள் இல்லாத வெறும் வளையம், தேடிப் போட்டேன். அதற்குப் பிறகு மூன்று முறை மூதூர் போய்வந்துவிட்டது, புள்ளி இன்றுவரை சுற்றுகிறது. மலிவு றீலின் றோலருக்குள் நல்ல புஷ், மலிவான பெயரிங்கைவிட எவ்வளவோ மேல். துருப்பிடிக்க அதில் எதுவுமில்லை.

எண்ணெய் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தேங்காய் எண்ணெய் விடவே விடாதீர்கள். றிவர்ஸ்டன் குளிரில் அது உறைந்து, தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும். கடல்முகத்திலிருந்து வந்த இரவே றீலை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். குழாயை வேகமாகத் திறந்து அடிக்கக்கூடாது, கைவிரலால் தெளித்தாலே போதும். கழுவும்போது டிராக் குமிழை, அதாவது மீன் இழுத்தால் நூல் எவ்வளவு இறுக்கத்தில் விட்டுக்கொடுக்கும் என்பதை மாற்றும் குமிழை, இறுக்கி வையுங்கள், உள்ளே தண்ணீர் போகாது. காய்ந்த பிறகு தளர்த்தி வையுங்கள், உள்வட்டுகள் நசுங்காது.

டிராக் என்றதும் பெட்டியில் போடுகிற இன்னொரு எண் நினைவுக்கு வருகிறது: “8 கிலோ டிராக்”. 6 இறாத்தல் தங்கூசி ஏறத்தாழ 2.7 கிலோவில் அறுந்துவிடும். டிராக்கை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக்கூடாது, அதாவது ஒரு கிலோவுக்குக் கீழே. எட்டுக் கிலோ யாருக்கு வேண்டும்? முக்கால் லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நூலில் கட்டித் தூக்குங்கள். போத்தல் தடங்கலில்லாமல் மெல்ல இறங்குகிற அளவுக்குக் குமிழைத் தளர்த்துங்கள். விட்டுவிட்டுத் துள்ளி இறங்கினால் அந்த டிராக் மெல்லிய நூலை அறுக்கும். இந்தச் சோதனையில் என் பதின்மூன்று பெயரிங் றீல் நன்றாகவே தேறியது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

என்னிடம் பழைய சிமானோ சியன்னா 2500 ஒன்றும் இருக்கிறது. 3+1 பெயரிங்தான், பார்வைக்கு எளிமையானது. கைப்பிடியில் ஒரு சிறு ஆட்டம் வந்திருக்கிறது, வயதுக்கு அது இயல்பு. ஆனால் உப்பிலும் நன்னீரிலும் அதன் றோலர் ஒரு நாளும் நின்றதில்லை. புதியதன் மினுமினுப்பில் மயங்கி அதை அலுமாரியில் வைத்தேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இந்த மாதம் அதுதான் என் தடியில்.

மெல்லிய தூண்டில் கையில் வந்தவுடன் லக்கலயின் சிற்றாறுகளில் போட்டுப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். களு கங்கையின் தெளிந்த நீரில் வாழும் ‘டன்கொல பெத்தியா’ இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டிலும் இல்லாத மீன்; அதற்கு அறிவியற் பெயர் கிடைத்ததே 1985இல்தான். சிறிய கொக்கியில் முதலில் சிக்குவது அதுபோன்ற சிறு மீன்கள்தான். அணைக்கட்டின் அகன்ற நீரில், அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுவிட்டு, 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட திலாப்பியாவின் வழிவந்தவற்றைப் பிடியுங்கள். அதற்கு அந்த மலிவு றீலும் மண்புழுவும் போதும்.

நன்னீருக்கு மட்டும் என்றால் நான் வாங்கிய றீலைத் தாராளமாக வாங்கலாம். கழிமுகத்துக்கும் போகிறவர்கள் பெயரிங் எண்ணிக்கையைப் பார்க்காமல், றோலரின் திருகாணி வெளியில் தெரிகிறதா, கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு மை பேனாவும் ஐந்து மீற்றர் தங்கூசியும் இருக்கட்டும்.