காந்தமும் கள்ளுக்கடையும்

குடி, புகை ஆகியவற்றின் பிடியை மூளையைத் தூண்டியே தளர்த்தலாம் என்பது இன்றைய மருத்துவ உலகின் புதுக் கூற்று. மண்டையைத் திறக்க வேண்டுவதில்லை. தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய, எழும் காந்தப்புலம் எலும்பைக் கடந்து மூளையின் மேற்புறத்தில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். 1985இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் அந்தோனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய முறை இது.

கள்ளுண்டவனுக்கு நியாயம் சொல்வது நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போலாம் என வள்ளுவர் கருதினார். சொல் எட்டாத அவ்விடத்தைக் காந்தம் எட்டுமா என்பதே கேள்வி.

பழக்கமாகிவிட்ட செயலை நடத்துவது விருப்பமன்று, இடமும் வேளையுமே. இன்பம் குன்றிய பின்னும் கை தானே கோப்பையை நாடும். இப்பழக்கம் வேரூன்றும் பகுதி மூளையின் ஆழத்தில் உள்ளது. வழக்கமான சுருளின் ஆற்றல் அத்துணை ஆழம் செல்லாமையால், அதனோடு தொடர்புடைய முன்மூளையையே மருத்துவர் தூண்டுகின்றனர்.

பயன் இல்லாமல் இல்லை. புகைப்பழக்கத்தை விடுவதற்கு இதன் ஒரு வகையை அமெரிக்க அரசு 2020இல் ஏற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில், 18 வாரத்துக்குள் தொடர்ந்து நான்கு வாரம் புகையாதிருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். போலிச் சிகிச்சை பெற்றோருள் 9 பேர். இரு மடங்கு என்பது உண்மை. எண்பதுக்கு மேற்பட்டோர் மீளவில்லை என்பதும் உண்மை. முன்னதை மட்டும் பேசுவது முறையன்று.

மற்றொரு குறையும் உண்டு. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பழைய தெருவுக்கும் பழைய கூட்டாளிகளுக்கும் திரும்புபவனை அவ்விடமே மீண்டும் அழைக்கும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். குடியின் வேர் கடையிலும் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரருள் பெரும்பாலோர் தாயகம் திரும்பியபின் மீண்டும் அடிமையாகவில்லை என 1970களில் லீ ராபின்ஸ் கண்டதும் இதற்குச் சான்று.

எனினும் கடையை மூடுவதும் முழு மருந்தன்று. பின்னாளில் சம்சு என்னும் மலிவுச் சாராயம் தோட்டங்களில் புகுந்து கள்ளினும் கேடு விளைத்தது. வறுமையும் களைப்பும் இருந்தவாறே இருக்க, ஒரு கதவை அடைத்தால் மற்றொன்று திறக்கும்.

காந்தம் பிடியைத் தளர்த்தலாம். தளர்ந்த கைக்குப் பற்றுக்கோடு வேண்டும். அதனைத் தருவது குடும்பமும் தொழிலும் ஊருமே. மூளையை மட்டும் நோக்கி மனிதனின் சூழலை மறக்கும் மருத்துவம் பாதி மருத்துவமே ஆகும்.