பழைய காரும் பாடபேதமும்

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் புலவரின் வேலையும், துருவேறிக் கிடக்கும் பழைய காரைச் சீரமைத்துச் சாயம் பூசும் பட்டறைக்காரரின் வேலையும் ஓரினத்தைச் சேர்ந்தவை என்றால் தமிழாசிரியர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுவடி எங்கே, சாயப் புட்டி எங்கே என்று அவர்கள் கேட்பர். ஆயினும் இரு வேலைகளிலும் எழும் கேள்வி ஒன்றேயாகும். காலம் சிதைத்த ஒன்றை மீட்கும்போது, மீட்கப்படுவது பழம்பொருள்தானா, மீட்பவரின் ஆசைதானா என்பதே அக்கேள்வி. காருக்கு நிறமும் மெருகும் தேர்வதை ஒரு திறனாய்வுச் செயலாகக் கொண்டு ஆராய்வதற்கு இதுவே போதிய காரணம்.

ரவாங்கிலிருந்து வடக்கே செல்லும் பழைய கூட்டரசுச் சாலை செரண்டா, பத்தாங் காலி, ராசா வழியாகக் கோலக்குபு பாருவை அடைகின்றது. சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. பிறகு செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இதே சாலையையொட்டிய சுங்கை சோவில்தான், 1993-இல் தோன்றிய பெரோடுவா நிறுவனம் 1994 முதல் கஞ்சில் கார்களைச் செய்து வெளியிட்டது. புதிய கார் பிறக்கும் இடத்திற்குச் சில மைல் தொலைவில், பழைய கார்கள் வீட்டோரக் கொட்டகைகளில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உறங்குகின்றன. அவற்றுள் மோரிஸ் மைனர் போன்ற சிறு வண்டிகளுக்குத் தோட்டப்புற மக்களின் நினைவில் தனியிடம் உண்டு. தோட்டத்தில் கார் என்பது முதலில் துரையின் உடைமை. பிறகு கிராணியாரின் கனவு. அதற்கும் பிறகு ஆசிரியர் ஒருவர் மாதத் தவணையில் எட்டிப் பிடித்த பெருமை. லயத்துப் பிள்ளைகளுக்கு அது ஓடிப்போய்த் தொட்டுப் பார்க்கும் ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பைக் காலையில் துடைத்து உண்டாக்கியவர் பெரும்பாலும் ஒரு தமிழரே என்பதையும் இங்குக் குறித்துவைக்க வேண்டும்.

அத்தகைய மைனர் ஒன்று இன்று சீரமைப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே மங்கிய சிவப்பு. சுரண்டினால் அதன்கீழ் நீலம். இன்னும் சுரண்டினால் கறுப்பு. துரையிடம் கறுப்பாக இருந்த வண்டியைக் கிராணியார் வாங்கி நீலமாக்கினார். அவர் மகன் காலத்தில் அது சிவப்பாயிற்று. இப்பொழுது பேரன் கேட்கிறான்: எந்த நிறம் பூசுவது? ஆலையிலிருந்து வந்த கறுப்பா, குடும்பம் அறிந்த நீலமா, அல்லது கடை அட்டையில் மினுக்கும் புதிய மெட்டாலிக் சாம்பலா?

மூலமே மேலானது என்பது முதல் விடை. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது பின்பற்றிய ஒழுங்கை இங்கு நினைக்கலாம். பல ஏடுகளை ஒப்பிட்டார், வேறுபாடுகளைக் குறித்தார், செல்லரித்த இடத்தில் தாமே பாடி நிரப்பவில்லை. அவரிடம் புலமை இல்லாமலா? வெண்பாவும் விருத்தமும் பாட வல்லவர் அவர். இருந்தும், புறநானூற்றின் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்காதபோது அந்த இரண்டு எண்களும் வெறுமையாகவே நின்றன. அந்த வெறுமைதான் பதிப்பின் நேர்மை. காரைச் சீரமைப்பவருக்கும் இத்தகைய ஒழுங்கு உலக அளவில் வகுக்கப்பட்டுள்ளது. நினைவுச் சின்னங்களுக்காக 1964-இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு முடிந்துவிட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. பழைய வாகனங்களுக்கென்று அனைத்துலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற துரின் சாசனமும் அவ்வழியே சென்றது.

ஆனால் மூலத்தைக் கண்டறிவது எளிதன்று. ஓலையில் காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்று மயக்குவது போல, வெயிலில் வெளுத்த மெரூன் சிவப்பாகத் தோன்றி மயக்கும். குடும்பப் படத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். அது கறுப்பு வெள்ளைப் படம். அதிலும், பழைய படச்சுருள்களுள் சில சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்புக் கார் கறுப்பாகவும் நீலக் கார் வெளிறியும் பதிவாகும். கண்ணால் கண்டதும் பொய் என்னும் பேச்சு இங்கு அறிவியலாகவே பொருந்துகிறது. நம்பத்தக்க சான்று காரின் உள்ளேயே உண்டு. கதவின் உள்ளட்டையைக் கழற்றினால், பின்னிருக்கையைத் தூக்கினால், முன்பலகையின் அடியில் கைவிட்டுத் துடைத்தால், வெயிலும் மழையும் தீண்டாத பழைய நிறம் அங்கே ஒளிந்திருக்கும். மேற்பரப்பின் ஒரு மூலையை ஈர உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்கடுக்காக நிறங்கள் தோன்றும். பொறுமையுள்ள பட்டறைக்காரர் அந்த வளையத்தைப் படிக்கும் முறையைக் கண்டால், ஏடு படிப்பவர் அவரைத் தம் இனத்தவராகவே ஏற்பார்.

நிறத்தைப் பற்றி வீட்டில் எல்லாரும் வாதிடுவர். மெருகைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிழைகளுள் பெரும்பிழை அங்கேதான் நிகழ்கிறது. நிறம் சொல் என்றால் மெருகு நடை. சொல்லைச் சரியாக எடுத்து நடையைத் தவறவிட்ட மொழிபெயர்ப்புகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! தொடக்கக் காலக் கார்களுக்கு வார்னிஷ் வகைச் சாயத்தைத் தூரிகையால் பூசி, உலர்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். 1920-களில் டூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ என்னும் நைட்ரோ செல்லுலோஸ் சாயம் வந்த பிறகே, துப்பாக்கியால் தெளித்துச் சில மணி நேரத்தில் உலர்த்தும் முறை பரவியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்டு கார் 1924 ஆம் ஆண்டு மாதிரியில் அதை நீல நிறத்தில் அணிந்து வந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் டி மாதிரிக் காரோ, 1914 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கறுப்பு ஒன்றையே உடுத்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அதற்கு வேறு நிறங்கள் இருந்தன என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

பழைய செல்லுலோஸ் மெருகு தேய்த்துத் தேய்த்து வருவிப்பது. அதன் ஒளி மென்மையானது. விளக்கெண்ணெய் தடவிய கருங்கல் சிலையின் ஒளியை ஒத்தது. இன்று பட்டறைகளில் பெரும்பாலும் பூசுவது நிறத்தின்மேல் தனியே கண்ணாடி போன்ற கிளியர் பூச்சு ஏற்றும் முறை. அது உறுதியானது, வெயில் தாங்குவது, நீண்டநாள் நிற்பது; மறுக்க இயலாது. எனினும் 1950-களின் வளைவான மட்கார்டின்மேல் அந்த ஈரப் பளபளப்பு ஏறும்போது, காரின் உருவம் நம் கண்ணுக்கு நெகிழிப் பொம்மை போலத் தோன்றுகிறது. மெட்டாலிக் துகள் கலந்தால் கேட்கவே வேண்டாம்; சங்கப் பாடலுக்குத் திரைப்பட மெட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். திரைப்பட மெட்டுத் தீயது என்பதில்லை. அது அந்தப் பாடலுக்கு உரியதன்று.

பழைய முறையே பழைய காருக்கு என்று பிடிவாதம் பிடிப்பவரும் நிலத்தை மறந்துவிடக் கூடாது. பத்தாங் காலி மலையடிவாரம். தித்திவாங்சா மலைத்தொடரில் மோதிய மேகம் பிற்பகலில் இறங்கிவிடும். ஈரக்காற்றில் செல்லுலோஸ் சாயத்தைத் தெளித்தால், தின்னர் விரைந்து ஆவியாகி மேற்பரப்பைக் குளிரச் செய்யும். அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து சாயம் பால்பூத்தாற்போல் வெளுத்துவிடும். ஆகவே காலை வெயில் ஏறிய பின்னர், மழை திரள்வதற்கு முன்னர், என்று பொழுது பார்த்துத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இரு பொருள்களைக் கலந்து பூசும் புதுவகைச் சாயத்திலோ வேறொரு கேடு உள்ளது. அதன் கெட்டியாக்கியில் உள்ள ஐசோசயனேட் மூச்சில் கலந்தால் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திறந்த கொட்டகையில் நின்று தெளிப்பவர் தமது நுரையீரலை விலையாகக் கொடுக்கிறார். அதற்குக் காற்று வழங்கும் முகக்கவசமும் தனி அறையும் வேண்டும். ஒரு காரின் அழகைப் போற்றும் கட்டுரைகள் பலவற்றில் அந்த மனிதர் வருவதே இல்லை. தோட்டத்தில் மருந்து தெளித்த பெண்களின் நிலையை அறிந்த சமுதாயம் இதை மறக்கலாகாது.

இனி, ஆலை தந்த நிறமே உண்மை என்னும் கொள்கையையும் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனர், பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார். அந்தப் பத்து இலட்சமாவது வண்டி 1960 டிசம்பரில் செய்யப்பட்டபோது, அதைக் கொண்டாட 350 அளவிலான வண்டிகள் வெளிர் ஊதா நிறத்தில் வெளியிடப்பட்டன. அந்த நிறத்தில் இன்று யாரேனும் ஒரு மைனரைப் பூசினால், ஊரார் அதனைப் பட்டறைக்காரரின் மனக்கோளாறு என்பர். ஆனால் அது ஆலையின் மூலபாடம்! இதற்கு மாறாக, கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் கொண்ட பழைய வாடகைக் கார்களின் நிறம் ஆலை தந்ததன்று, தொழில் தந்தது. இந்தியாவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் பல நிறங்களில் வந்தும், வெள்ளை அம்பாசடர் என்றதும் அமைச்சரும் ஆட்சியரும்தாம் நினைவுக்கு வருகின்றனர். நிறத்திற்குப் பொருளைத் தருவது ஆலை மட்டுமன்று. பயன்படுத்திய மக்களும் தருகின்றனர். உரையாசிரியரை ஒதுக்கிவிட்டு மூலத்தை மட்டும் படிப்பவர் தொல்காப்பியத்தில் எவ்வளவு தூரம் போக முடியும்?

நிறம் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் மார்பு, உயிர்நிலை என்றும் பொருள் உண்டு. வேல் பாய்ந்த நிறம் என்றால் அங்கே வண்ணப் பேச்சில்லை, புண்ணின் பேச்சு. கோலக்குபு பாருவுக்கு அப்பால் பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில், 1951 அக்டோபர் 6 அன்று, பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பயணம் செய்த ரோல்ஸ் ராய்ஸ் காரைக் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் சுட்டனர், அவர் மாண்டார். அத்தகைய ஒரு காரைச் சீரமைக்க நேரும்போது குண்டு துளைத்த ஓட்டையைப் பட்டியால் அடைத்து மெருகேற்றுவதா? வரலாறு இரு விடைகளையும் தந்திருக்கிறது. 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட கார், துளையோடு வியன்னாவின் போர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1963-இல் கென்னடி சுடப்பட்ட கரு நீல லிங்கன் காரோ, செப்பமிடப்பட்டு, ஜான்சன் காலத்தில் கறுப்பு நிறம் பெற்று, மீண்டும் பல ஆண்டுகள் பணி செய்தது. முதலாவது சான்றாயிற்று, இரண்டாவது மறுபடியும் ஊர்தியாயிற்று. ஓடுவதற்காகச் சீரமைப்பது வேறு, காட்டுவதற்காகச் சீரமைப்பது வேறு என்னும் தெளிவு இல்லாமையே நம் கொட்டகைகளில் பாதிக் குழப்பத்திற்குக் காரணம்.

இவ்விடத்தில் பத்துமலையை நினையாமல் இருக்க முடியாது. 2018 ஆகஸ்டில், குடமுழுக்கை முன்னிட்டு, அதன் 272 படிகளுக்கும் பல வண்ணம் பூசப்பட்டது. தேசிய மரபுடைமைத் துறை அனுமதி பெறப்படவில்லை என்று கேள்வி எழுப்பியது. பக்தரும் பயணியரும் திரண்டு வந்து படமெடுத்துக்கொண்டனர். கோயில் உயிருள்ள வழிபாட்டிடம். அதைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுக்கும் வழக்கம் நம்முடையது. நமக்குப் பழையது என்றால் துருவும் பாசியும் அல்ல, புதுப்பித்துப் புதுப்பித்துக் காக்கப்படுவது என்னும் எண்ணம் குருதியில் உண்டு. பழைய காரைப் பேரன் பளபளவென்று ஆக்க விரும்புவதும் அந்தக் குருதியின் குரலே எனலாம். அதைக் குற்றம் என்று தள்ளுவது எளிது, புரிந்துகொள்வது நன்று. ஆனால், புதுப்பித்தலுக்கும் முன்னிருந்ததை அறிந்திருத்தல் வேண்டும். எதை மூடுகிறோம் என்று அறியாமல் பூசும் சாயம் புதுப்பித்தல் ஆகாது, மறதியாகும்.

அப்படியானால் அந்த மைனருக்கு எந்த நிறம்? கண்காட்சிப் பரிசுக்காக என்றால் கறுப்பே; நடுவர்கள் ஆலை ஏட்டைப் பார்ப்பர். வீட்டுக்காக என்றால் நீலமே தக்கது. கறுப்பு, துரையின் சில ஆண்டுகள். நீலம், ஒரு தமிழ்க் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்த ஆண்டுகள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் திருமணத்திற்கும் தைப்பூசத்திற்கும் ஓடிய ஆண்டுகள். கறுப்பை மீட்டு நீலத்தைச் சுரண்டி எறிந்தால், துரையின் வரலாறு மீண்டும் ஒருமுறை மேலே ஏறும்; கிராணியாரின் வரலாறு உப்புத்தாளின் தூளாய்த் தரையில் விழும். எனினும் அந்த நீலத்தைக் கடை அட்டையில் கண்ட ஏதோவொரு நீலமாகத் தேர்ந்துவிடலாகாது. கதவின் உள்ளே மங்காது கிடக்கும் துண்டைக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில், ஈரமாகவும் உலர்ந்தும் ஒப்பிட்டுக் கலக்க வேண்டும். மெருகும் மெட்டாலிக் இன்றி, மேற்கண்ணாடி இன்றி, ஒரே பூச்சாகத் தேய்த்து வருவிப்பதாக இருத்தல் வேண்டும்.

மூலத்தையும் உரையையும் ஒரே பக்கத்தில் அச்சிடலாம். காருக்கு உடல் ஒன்றே. ஆயினும் அடிக்குறிப்புக்கு இடமில்லாமல் இல்லை. பின்னிருக்கையின் அடியில் உள்ளங்கை அகலத்திற்கு ஒரு வட்டத்தைத் தேய்த்து, சிவப்பும் நீலமும் கறுப்பும் அடியிலுள்ள வெறுந்தகடும் வளையங்களாகத் தெரியும்படி விட்டு, துருப்பிடிக்காமல் அதன்மேல் மட்டும் மெழுகு தடவி வைக்கலாம். பேரனின் பிள்ளை ஒருநாள் அந்த இருக்கையைத் தூக்கும்.